அம்மாவின் சாமான் அறை: பங்கும் விலையும் சட்டமும்

கடிதத்தின் சுருக்கம்

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஓர் ஊரில் பிறந்து, 1986-இல் மணமாகி, இப்போது கோயம்புத்தூரில் வாழும் அறுபத்திரண்டு வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன். தந்தை 2012-இல் காலமானார். தாயார் எட்டு மாதங்களுக்கு முன் மறைந்தார். இருவரும் உயில் எழுதவில்லை. அண்ணன் சென்னையிலும் தம்பி சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஊரிலுள்ள பெரிய வீடு பங்காளிகள் பலருக்கும் பொது. அதில் இவர்கள் பங்குக்கு இரண்டு அறைகளும் மாடியில் ஒரு சாமான் அறையும் உண்டு.

சென்ற மாதம் மூவரும் சேர்ந்து அந்த அறையைத் திறந்திருக்கிறார்கள். தாயாருக்கு 1958-இல் சீராக வந்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள், எனாமல் தூக்குகள், பர்மாவிலிருந்து வந்த அரக்குச் சாமான்கள், கிருஷ்ணர் படமுள்ள ஒரு தஞ்சாவூர் ஓவியம், சட்டமிட்ட ரவிவர்மா அச்சுப் படங்கள், ஒரு சாண் உயர வெண்கலப் பிள்ளையார், தேக்கு அலமாரி, பெல்ஜியம் கண்ணாடி, கிராமபோனும் இசைத்தட்டுகளும், தந்தையின் தபால்தலை ஆல்பங்கள், யானைத் தந்தத்தாலான குங்குமச் சிமிழ் ஆகியவற்றோடு, கணக்குப் புத்தகங்களும் கடிதங்களும் நிறைந்த ஒரு தகரப் பெட்டியும் இருந்தன. பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து அரை மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, அறையின் சிற்ப வேலைப்பாடுள்ள நிலைக்கதவு உட்பட எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு லட்சம் தருவதாகவும், தகரப் பெட்டியை மட்டும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

கொடுத்துவிடலாம் என்கிறார் அண்ணன். சீர் வாங்கிக்கொண்டு போன பெண்ணுக்கு இதில் பேச்சில்லை என்றும் சொல்லியிருக்கிறார். பத்து ஆண்டு பொறுத்தால் விலை பல மடங்காகும் என்கிறார் தம்பி. அமெரிக்காவிலுள்ள மகள், கோடை விடுமுறையில் வரும்போது பிள்ளையாரையும் தஞ்சாவூர் ஓவியத்தையும் எனாமல் தூக்கையும் எடுத்துப்போக ஆசைப்படுகிறார். நூறு ஆண்டு ஆன எதையும் வீட்டில் வைத்திருந்தால் அரசாங்கம் பறித்துக்கொள்ளும் என்று பக்கத்து வீட்டார் அச்சுறுத்தியிருக்கிறார்கள். இவற்றுக்கு நடுவில் வாசகி கேட்பது: "விருந்தாளி வந்தால் அம்மா ஒளித்துவைக்கும் எனாமல் தூக்கை வியாபாரி முதலில் கையில் எடுத்தார். அம்மா தினமும் துடைத்துவைத்த அலமாரியை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. எது மதிப்புள்ளது, எது மதிப்பற்றது என்றே எனக்குத் தெரியவில்லை."

பதில்

அன்புள்ள அம்மா,

இந்தப் பொருள்கள் யாருக்குச் சொந்தம், இவற்றை விற்கச் சட்டம் இடம் தருகிறதா, நியாயமான விலை என்ன, எதைக் கைவிடாமல் வைத்துக்கொள்வது என்று நான்கு கேள்விகள் உங்கள் கடிதத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வியாபாரி சொன்ன ஒற்றைத் தொகை இந்த நான்கையும் ஒன்றாக்கிவிட்டது, உங்கள் மூவருக்குள்ளும் பேச்சு தடித்ததற்குக் காரணம் அதுவே என்று நினைக்கிறேன். சந்தை ரசனையைப் பார்க்கிறது. சட்டம் பொருளின் வயதையும் வகையையும் பார்க்கிறது. வாரிசுரிமை அது யாருடையது என்பதை மட்டும் பார்க்கிறது. இவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொள்வோம். உங்கள் மனத்தை அதிகம் அலைக்கழிப்பது மதிப்பைப் பற்றிய கேள்வி என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

விலையைத் தீர்மானிப்பது யாருடைய நினைவு

பழையதாக இருந்தால் விலை அதிகம் என்ற எண்ணம் நம் எல்லாரிடமும் இருக்கிறது, அது சரியல்ல. வீட்டுப் பொருள்களைப் பொறுத்தவரை, வாங்கக்கூடிய வசதியும் வயதும் உள்ள ஒரு தலைமுறை எதைத் தன் இளமையோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறதோ, அல்லது தாத்தா பாட்டி வீட்டில் பார்த்ததாக எதைக் கற்பனை செய்துகொள்கிறதோ, அதற்குத்தான் விலை ஏறுகிறது. உங்கள் சாமான் அறையிலேயே இதன் வரலாறு முழுவதும் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1930-கள் வரை, பர்மா, இலங்கை, மலேயா ஆகிய இடங்களில் நடந்த கொடுக்கல் வாங்கலில் வந்த பணம் செட்டிநாட்டு ஊர்களில் வீடுகளாக எழுந்தது. பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலியப் பளிங்கு, ஜப்பானியப் பீங்கான், சுவீடனிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் வந்த எனாமல் என்று, அன்றைக்குப் புதுமையாகத் தோன்றிய எல்லாம் அந்த வீடுகளுக்குள் வந்து சேர்ந்தன. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அந்த வருமானம் அறுந்தது. 1962-இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து வணிகமெல்லாம் நாட்டுடைமையானபின் மிச்சமிருந்த நம்பிக்கையும் போயிற்று. பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியாத குடும்பங்கள் தூணையும் கதவையும் பாத்திரத்தையும் ஒவ்வொன்றாக விற்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நீங்கள் பார்த்திருக்கும் பழம்பொருள் கடைகளில் நிறைந்திருப்பவை அந்த வீடுகளிலிருந்து வெளியே வந்தவைதாம்.

அதே காலத்தில்தான் எவர்சில்வரும் வந்தது. புளி போட்டுத் துலக்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், புளிப்புப் பண்டம் வைத்தால் களிம்பு ஏறாது என்பதால், 1960-களிலும் 70-களிலும் பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு. அந்த முடிவை இன்று பலர் அறியாமை என்று பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நாள் முழுதும் பாத்திரம் துலக்கிய பெண்களின் கைகளுக்கு அது விடுதலையாக இருந்தது. உங்கள் தாயார் எனாமல் தூக்கை ஒளித்துவைத்ததும் அதே போன்ற ஒன்றே: பூச்சு பெயர்ந்த எனாமல் அவர் கண்ணுக்கு வறுமையின் அடையாளமாகத் தெரிந்தது. எனாமல் தூக்கில் தினமும் சோறு கட்டிப் போகாத, அதனால் வெட்கப்பட வேண்டிய தேவையே இல்லாத ஒரு தலைமுறைக்கு, அதன் நீலமும் பச்சையும் வெறும் அழகாகத் தெரிகின்றன. உங்கள் தாயாரும் தவறில்லை, உங்கள் மகளும் தவறில்லை.

அலமாரிக்கு நேர்ந்தது வேறு. அது நல்ல பர்மாத் தேக்காகவே இருக்கலாம். ஆனால் எட்டடி உயர அலமாரி இன்றைய அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கிக்குள்கூட நுழையாது. வாங்குகிறவர் பெரும்பாலும் விடுதி நடத்துபவராகவோ, அதை அறுத்து மரமாக விற்பவராகவோதான் இருப்பார். பிரிட்டனில் விக்டோரியா காலத்து மஹோகனி மேசைகளும் அலமாரிகளும் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இப்படித்தான் விலை சரிந்தன. மரமும் வேலைப்பாடும் மாறவில்லை, வீடுகளும் வாழ்க்கையும் மாறிவிட்டன.

உங்கள் தந்தையின் தபால்தலைகளைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது. கடிதம் எழுதும் பழக்கத்தோடு தபால்தலை சேர்க்கும் பழக்கமும் தேய்ந்துவிட்டது. 1950-களுக்குப் பிறகு வெளியான நினைவுத் தபால்தலைகள் பெரும்பாலும் லட்சக்கணக்கில் அச்சானவை. ஆல்பம் நிறைய இருந்தாலும் தொகை சிறியதாகவே வரும். ஒன்றை மட்டும் பாருங்கள்: 1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தியடிகள் நினைவாக நான்கு மதிப்புகளில் தபால்தலைகள் வெளியாயின. அவற்றில் பத்து ரூபாய்த் தலை இருந்தால் தனியே எடுத்துவைத்து, விவரமறிந்தவரிடம் காட்டுங்கள். அதற்குப் போலிகள் நிறைய உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை உங்கள் தந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் எதற்காகச் சேர்த்தாரோ அதற்காகவே வைத்துக்கொள்ளலாம்.

கிராமபோனிலும் ரவிவர்மா படங்களிலும் எச்சரிக்கை வேண்டும். பித்தளைக் குழலோடு புதிதாகச் செய்து, பழைய நிறுவனத்தின் பெயர்த்தகட்டைப் பதித்து விற்கும் கிராமபோன்கள் சந்தையில் ஏராளம். உங்களுடையது வீட்டிலேயே இருந்து வந்தது என்பதை நிறுவும் பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தால் அதற்குத் தனி மதிப்புண்டு. ரவிவர்மாவின் அச்சகம் 1894-இல் பம்பாயில் தொடங்கிப் பின்னர் லோணாவலாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு இடம் மாறியது. அங்கே கல்லச்சில் அடித்த படங்களை உருப்பெருக்கியில் பார்த்தால் ஒழுங்கற்ற பொடிப்புள்ளிகள் தெரியும். சமீபத்தில் அச்சடித்துப் பழைய சட்டத்துக்குள் வைத்த படங்களில் புள்ளிகள் வரிசை பிசகாமல் இருக்கும். வீட்டுப் பெண்கள் ஜரிகையும் மணியும் வைத்துத் தைத்த படமாக இருந்தால் அதைத் தனியே வையுங்கள், சட்டத்தைப் பிரிக்காதீர்கள்.

பத்து ஆண்டு பொறுக்கலாமா என்ற உங்கள் தம்பியின் யோசனைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு பொருளை நினைவில் வைத்திருக்கும் தலைமுறை இருக்கும்வரை விலை ஏறலாம். அந்தத் தலைமுறை ஓய்ந்தபின் இறங்கவும் செய்யலாம். எது எப்போது என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. பூட்டிய மாடி அறையில் கரையானும் மழை ஒழுக்கும் மட்டும் உறுதியாக வேலை செய்யும். லாபத்துக்காகக் காத்திருப்பது என்றால் அது ஊக வணிகம். பிடித்ததால் வைத்துக்கொள்வது என்றால் அதற்குக் கணக்குத் தேவையில்லை. தம்பியிடம் இரண்டில் எது என்று கேளுங்கள்.

வியாபாரி வேண்டாமென்ற தகரப் பெட்டி

உங்கள் கடிதத்தைப் படித்தபோது நான் பதறியது இந்த இடத்தில்தான். அந்தப் பெட்டியைத் தயவுசெய்து எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். ரங்கூனிலிருந்தோ மௌல்மேனிலிருந்தோ வந்த கடிதங்கள், பேரேடு, சிட்டை, ஐந்தொகை ஆகிய கணக்கேடுகள், உண்டியல் எனப்படும் பணமாற்றுத் தாள்கள், கடைக்குப் போன ஆட்களின் சம்பளச் சீட்டுகள், கல்யாணப் பத்திரிகைகள், சாமான் பட்டியல்கள் என்று அதில் எது இருந்தாலும், இன்னொரு பிரதி உலகில் எங்கும் இருக்காது. பித்தளை அண்டாவுக்கு ஆயிரம் இணைகள் உண்டு. உங்கள் பாட்டனார் எழுதிய கடிதத்துக்கு இணை கிடையாது.

இதற்கு உங்கள் பகுதியிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். பிறர் குப்பை என்று ஒதுக்கிய பழைய நூல்கள், பாட்டுப் புத்தகங்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என்று ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைத் தன் காலம் முழுதும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாக வழி செய்தது. இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுதுகிறவர்கள் அந்த நூலகத்தின் படியேறாமல் எழுத முடியாது. சந்தை ஒரு பைசாவும் தராத பொருள்களே அங்கே பெருஞ்செல்வமாக இருக்கின்றன.

எனவே பெட்டியை ஈரமில்லாத இடத்துக்கு மாற்றுங்கள். தாள்களுக்கு நடுவே பருத்தித் துணியில் கட்டிய வசம்பு வைக்கலாம். ஒட்டும் நாடா ஒட்டுவதும் பிளாஸ்டிக் உறை பூசுவதும் கூடவே கூடாது. தம்பிக்கும் இந்தத் தாள்கள்மேல் ஆசை இருந்தால், எல்லாவற்றையும் மின்னுருவாக்கி மூவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அசல் தாள்களைச் சிங்கப்பூருக்கு எடுத்துப்போவது பற்றி மட்டும் அவசரப்பட வேண்டாம்: வரலாற்று மதிப்புள்ள ஆவணங்கள் எழுபத்தைந்து ஆண்டு கடந்தாலே சட்டப்படி தொல்பொருளாகிவிடும்.

சீர் வாங்கிய பெண்ணுக்குப் பங்கு உண்டா

உண்டு, அண்ணன், தம்பி ஒவ்வொருவருக்கும் எவ்வளவோ அவ்வளவே உங்களுக்கும். தாயாருக்குச் சீராக வந்த சாமான்கள் அவருடைய முழுச் சொத்து. கணவர் வீட்டுச் சொத்தாகவோ பங்காளிகள் சொத்தாகவோ அவை ஒருபோதும் ஆகவில்லை. உயில் இல்லாமல் ஓர் இந்துப் பெண் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, அவருடைய மகன்களும் மகள்களும் கணவரும் சமமாகப் பெறுவார்கள். தந்தை முன்பே காலமாகிவிட்டதால் உங்கள் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. தந்தை தாமே வாங்கியவற்றிலும், தாயாருக்கு அவர் வழியாக வந்த பங்கைச் சேர்த்துக் கணக்கிட்டால், இறுதியில் இதே மூன்றில் ஒன்றுதான் வரும்.

பூர்வீகச் சொத்தைப் பொறுத்தவரை உங்கள் அண்ணன் பழைய நிலையை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்று தோன்றுகிறது. 1989-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுத் திருத்தம், அது நடைமுறைக்கு வந்தபோது மணமாகாதிருந்த பெண்களுக்கு மட்டுமே பலனளித்தது. 1986-இல் மணமான உங்களுக்கு அது பொருந்தவில்லை. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை வைக்கவில்லை. மகள் பிறப்பாலேயே மகனைப் போன்ற பங்குரிமை உடையவள் என்பதை உச்ச நீதிமன்றம் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உறுதிப்படுத்தியது. திருமணத்தில் செய்த சீர் உங்களுக்குப் பெற்றோர் கொடுத்த கொடை. அது பங்குக்கு ஈடாகாது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகப்பிரிவினை பதிவாகியிருந்தாலோ நீதிமன்றத் தீர்ப்பால் நடந்திருந்தாலோ பூர்வீகச் சொத்தில் நிலை மாறும். அப்படி ஏதும் நடந்ததா என்று பத்திரங்களைப் பாருங்கள்.

எந்தப் பாத்திரம் தாயாருடையது என்ற சந்தேகம் வந்தால், உங்கள் பக்கத்து வழக்கமே உதவும். சீர்ப் பாத்திரங்களில் பெயரும் முதலெழுத்தும் வெட்டியிருப்பார்கள். கல்யாணத்தில் சாமான் பரப்பியபோது எழுதிய பட்டியல் அந்தத் தகரப் பெட்டியிலேயே கிடைக்கக்கூடும். இரண்டும் நல்ல சான்றுகள்.

வியாபாரி கேட்ட நிலைக்கதவைக் கொடுக்கவே முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவரோடு பதிந்த நிலை, கதவு, தூண், உத்தரம் ஆகியவை கட்டடத்தின் பகுதி. கட்டடம் பங்காளிகள் அனைவருக்கும் பொது. அவற்றைப் பெயர்த்து விற்க நீங்கள் மூவரும் ஒருமனப்பட்டால்கூடப் போதாது.

சட்டம் எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை

பக்கத்து வீட்டார் சொன்னதில் பாதி அச்சம், பாதி உண்மை. தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருள் முதலியன தொல்பொருள்கள் என்கிறது அது. அவற்றை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. நாட்டுக்குள் விற்பதும் குற்றமில்லை. ஆனால் அறிவிக்கப்பட்ட சில வகைகளை, குறிப்பாகக் கல், உலோகம், மரம், தந்தம் போன்றவற்றாலான சிற்பங்களையும் ஓவியங்களையும், தொல்பொருள் பதிவு அலுவலரிடம் புகைப்படத்தோடு பதிவு செய்ய வேண்டும். உரிமை கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பதிவு செய்யாவிட்டால் தண்டனையும் பறிமுதலும் நேரலாம். தொல்பொருள் விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கு உரிமம் தேவை. வியாபாரியிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

உங்கள் அறையில் இந்தச் சட்டத்தின் கீழ் வரக்கூடியவை முக்கியமாக இரண்டு: பிள்ளையாரும் தஞ்சாவூர் ஓவியமும். இரண்டின் வயதையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1958-இல் சீராக வந்த பாத்திரங்களும் தூக்குகளும் அப்போது புதிதாக வாங்கியவை என்றால் நூறாண்டைத் தொடவில்லை; அவற்றைப் பற்றிய பயம் வேண்டாம்.

மகள் எடுத்துப்போவது பற்றி மிகத் தெளிவாக இருங்கள். தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக மத்திய அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புக்கும் மட்டுமே உரிமை. விற்காமல் சொந்தப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனாலும், பாட்டியின் நினைவாக என்றாலும், அது ஏற்றுமதிதான். தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் ஆஸ்திரேலியா வரை போய் 2014-இல்தான் திரும்பி வந்தார். இத்தகைய திருட்டுகளால் பழைய வெண்கலம் எதைக் கண்டாலும் சுங்கத் துறை சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. பொருள் நூறாண்டுக்குக் குறைந்தது என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் பெற்றுக் கொண்டுபோகலாம். பிள்ளையார் பழையவர் என்று தெரியவந்தால், அவரைப் பார்த்து அதே அளவில் சுவாமிமலைச் சிற்பிகளிடம் புதிதாக வார்க்கச் சொல்லி, ரசீதோடும் சான்றிதழோடும் மகளுக்குக் கொடுக்கலாம். எனாமல் தூக்கை அவர் தாராளமாக எடுத்துப்போகட்டும்.

வருமான வரியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு உபயோகப் பாத்திரங்களை விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஓவியம், சிற்பம், கலைப்பொருள் ஆகியவற்றுக்கு உண்டு. வாரிசாக வந்த பொருளுக்கு, முந்தைய உரிமையாளரின் விலையையோ 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பையோ அடிப்படையாகக் கொள்ளலாம் என்பதால், மதிப்பீட்டாளரின் எழுத்துபூர்வ அறிக்கை அங்கேயும் பயன்படும்.

இப்போது செய்ய வேண்டியவை

1. வியாபாரியிடம், பட்டியல் முடியும்வரை எதுவும் விற்பதாக இல்லை என்று மூவரும் ஒரே குரலில் சொல்லுங்கள், முன்பணம் வாங்காதீர்கள். மொத்தமாக ஒரு தொகை பேசுவதன் உட்பொருள், மூன்று நான்கு நல்ல பொருள்களின் விலை மற்றவற்றின் எடைக்குள் மறைந்துவிடும் என்பதே. அண்ணன் உங்களைக் கேட்காமல் விற்க முற்பட்டால், காவல் நிலையத்துக்கு ஓடாமல், வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள். தேவைப்பட்டால் பாகப்பிரிவினை வழக்கும் தடையாணையும் கோரலாம். அந்த அளவுக்குப் போகாது என்றே நம்புகிறேன்.

2. ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, முன்னும் பின்னும் அடிப்பக்கமும் புகைப்படமெடுத்து, வெட்டிய பெயர், நிறுவன முத்திரை, சேதம், யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தவரை எழுதிவையுங்கள். உங்கள் அப்பத்தா தலைமுறையில் யாராவது இருந்தால் இந்த வேலையை அவர்களோடு உட்கார்ந்து செய்யுங்கள். தள்ளிப்போட்டால் கேட்க ஆளிருக்காது.

3. எதையும் சுத்தம் செய்யாதீர்கள். பிள்ளையாரைப் புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் காலம் பூசிய மேற்பரப்பு போய்விடும். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புதுப் பொன்தாள் ஒட்டினால் பழைய வேலை கெடும். அன்றாடம் ஏற்றும் குத்துவிளக்கை மட்டும் வழக்கம்போல் துலக்கலாம்.

4. கலைப்பொருள்களுக்கெனப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் முக்கியமானவற்றுக்கு எழுத்தில் மதிப்பு வாங்குங்கள். மற்றவற்றுக்கு இரண்டு வியாபாரிகளிடமாவது தனித்தனி விலை கேளுங்கள்.

5. விற்பதற்கு முன் பங்கிடுங்கள். மூவரும் முறை வைத்து ஒவ்வொரு பொருளாகத் தேர்ந்தெடுங்கள். முதல் சுற்றுகளில் விலையைப் பேசாமல், நினைவுக்காக மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் மூன்று பேரும் வெவ்வேறு பொருளையே கேட்பார்கள், ஒரே வீட்டில் வளர்ந்தாலும் நினைவுகள் ஒன்றாக இருப்பதில்லை. பிறகு மதிப்பீட்டின்படி ஏற்றத்தாழ்வைப் பணமாக ஈடுசெய்து, எஞ்சியவற்றை விற்றுத் தொகையைப் பிரித்துக்கொள்ளலாம். அசையும் பொருள்களின் பங்கீட்டைப் பதிவு செய்யும் கட்டாயமில்லை; ஆனால் பட்டியலோடு ஒரு குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். தகரப் பெட்டியை அதில் பங்கிடாப் பொதுப் பொருளாகக் குறிப்பிடுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, இந்த வாரத்திலேயே, தந்தச் சிமிழைக் கவனியுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தந்தப் பொருளை விற்பதற்கு, அது எத்தனை பழையதானாலும், அனுமதி இல்லை. வியாபாரியின் மொத்தத் தொகைக்குள் அது போயிருந்தால் விற்ற நீங்களும் வாங்கிய அவரும் குற்றவாளிகளாகியிருப்பீர்கள். வாரிசாக வந்தால் தொண்ணூறு நாளுக்குள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. தாயாரோ தந்தையோ அதற்கு உரிமைச் சான்றிதழ் பெற்றிருந்தார்களா என்று தகரப் பெட்டியிலும் பத்திரக் கட்டுகளிலும் தேடிப் பாருங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், சிமிழ் எப்போது, எப்படிக் கண்ணில் பட்டது என்று தேதியோடு எழுதிக்கொண்டு, உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரோடு நேரில் ஆலோசித்து, தாமதத்துக்கான விளக்கத்துடன் வனத்துறையிடம் நீங்களே முன்வந்து தெரிவியுங்கள். அதுவரை சிமிழை இருந்த இடத்திலேயே இருக்க விடுங்கள். எவர் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம்.